வா என்று கேட்டது

டெனிஷ் நகரமான ஸ்கீவவில் அந்த நாட்களில் இருந்த தமிழ் ஆம்பிளைகளில் பந்து விளையாடத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர். பந்து எப்படி விளையாட வேண்டும் என்று தெரிந்தவர்கள் மிச்சப் பேர் எல்லோரும். இந்த மிச்சக் கூட்டத்துக்கு என் வீட்டுக்காரர் தவராஜா தலைவர் மாதிரி. அவர் ஒரு பந்தை உதைத்து நான் கண்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய் வந்தாரென்றால், செவ்வாய்க்கிழமை வரை எங்கள் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலும் மிளகுத்தூள் போத்தலும் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். சோறு ஆறிப்போகும்.

நான் ராசமலர். முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். ஆட்ட நாட்களில் காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்த சனத்துக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுப்பது என் பொறுப்பு. யாரும் கேட்டுக் கொடுத்த பொறுப்பல்ல. பொம்பிளை என்றால் தேத்தண்ணி ஊற்றுவாள் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

இன்றைக்கும் கலியாண வீடு, செத்த வீடு எங்கே கூடினாலும் அந்த ஆம்பிளைகள் 'ஹெனிங் மாஸ்ரரின் ஆட்டமுறை' என்று தொடங்கிவிடுவார்கள். அந்த முறையைத் தன் இரண்டு காலாலும் ஓடிக் காட்டிய நீக்கிலாஸைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வரும். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நீக்கிலாஸ் மன்னார், பேசாலைப் பக்கம். நெட்டையன், மெலிந்தவன், கதை குறைவு. இறைச்சித் தொழிற்சாலையின் குளிர் அறையில் வேலை. காதில் சத்தம் அடைக்கிற மூடி, தலையில் தொப்பி, வாயில் துணி. நாள் முழுக்க ஒருவரோடும் பேசத் தேவையில்லாத வேலை. டெனிஷ் வகுப்புக்குப் போனான்தான், ஆனால் வேலை முடிந்து போனால் வகுப்பில் நித்திரை கொள்வான். மனைவி றோஸும் மகன் ஜெரோசனும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். இவன் வெளிக்கிடும்போது மகனுக்கு நாலு வயது. இங்கே அகதியாக ஏற்றுக்கொண்டதும் குடும்பத்தைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டான். அது போன இடம் தெரியவில்லை. இவனுக்கு மட்டுமல்ல, இந்த நாட்டில் எத்தனையோ தமிழருக்கு அப்படித்தான் இருந்தது. மேலிடத்தில் கோப்புகளை அசையாமல் வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள் என்பது பிறகுதான் பத்திரிகைகளில் வந்தது. அப்போது எங்களுக்கு அது தெரியாது. ஏதோ எங்கள் பக்கத்தில்தான் பிழை என்று ஒவ்வொருவரும் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் மைதானத்தில் இறங்கினால் நீக்கிலாஸ் வேறு ஆள். எங்கள் கழகம் ஆகக் கடைசிப் பிரிவில் விளையாடியது. அப்போது பயிற்சி கொடுத்தவர் சூசைதாசன். குருநகர்க்காரர், வாய்க்காரர். அவருடைய முறை மிகவும் சுருக்கம். பின்னுக்கு நிற்கிறவன் பந்தைத் தூக்கி முன்னுக்கு அடிக்க வேண்டும், முன்னுக்கு நிற்கிற நீக்கிலாஸ் அதை வலைக்குள் போட வேண்டும். மற்றவர்கள் இடையில் நின்று பார்க்கலாம். நீக்கிலாஸ் போட்டான். ஒவ்வொரு கோலையும் கசெற்றில் பேசி மகனுக்கு அனுப்பினான்.

எண்பத்தெட்டாம் ஆண்டு கோடை முடிய, ஹெனிங் வந்தார். இரும்பு வார்க்கிற தொழிற்சாலையில் காலம் முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்ற டெனிஷ்காரர். முன்னர் பெரிய கழகமொன்றின் இளைஞர் அணிக்குப் பயிற்சி கொடுத்தவராம். மைதானத்துக்குப் பக்கத்திலேயே வீடு. சும்மா இருக்க ஏலாமல் தானாகவே வந்து கேட்டார். டெனிஷ்காரர் ஒருவர் வந்தால் கழகத்துக்கு மதிப்பு என்று எல்லோரும் கை தூக்கினார்கள். சூசைதாசனும் தூக்கினார், ஆனால் முகம் கறுத்துப்போயிருந்தது.

மனிசன் நல்ல மனிசன். பெடியளின் பாஷையில் நாலு சொல்லாவது தெரிய வேண்டும் என்று நீக்கிலாஸிடம் கேட்டுப் படித்தார். போ, ஓடு, அடி. மூன்றையும் வைத்துக்கொண்டு கரையில் நின்று முழங்குவார். 'அடி' அவர் வாயில் 'அடீ' என்று நீளும். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிற எனக்கு, மாமியார் கூப்பிடுகிற மாதிரித் திடுக்கிடும்.

முதல் ஆட்டத்திலேயே பிரச்சினை தொடங்கியது. நான் வாகனம் நிறுத்துகிற பக்கத்தில் நின்றேன், ஒன்றும் காணவில்லை. இடைவேளைக்கு வந்த கூட்டம் தேத்தண்ணிக் கோப்பையைக் கூட ஒழுங்காகப் பிடிக்காமல் சண்டை பிடித்தது.

"உலகத்திலை எங்கையாவது கோல் அடிக்கிறவனைப் பின்னுக்குக் கூப்பிடுவாங்களே?" என்றார் சூசைதாசன். "கோல் முன்னுக்கெல்லோ கிடக்கு!"

"உமக்கு விளங்காது," என்றார் என் வீட்டுக்காரர். "நீக்கிலாஸ் பின்னுக்கு வர, அவனைப் பிடிக்கிற தடியனும் பின்னாலை வாறான். நடுவிலை வெளி விழுது. அதுக்குள்ளை குருசுமுத்து பூந்து அடிச்சானோ இல்லையோ? ஹொலண்ட்காரன் இந்தக் கோடையிலை இப்பிடி விளையாடித்தான் கிண்ணம் தூக்கினவன்."

"ஹொலண்ட்காரன் ஆரைப் பின்னுக்குக் கூப்பிட்டவன்? சும்மா புழுகாதையும்."

"கூப்பிட்டவன். நான் ரீவியிலை பாத்தனான்."

"நான் மாஸ்ரரிட்டையே போய்ச் சொன்னனான், அவனை முன்னுக்கு விடுங்கோ எண்டு. நான் சொல்லச் சொல்ல அந்தாள் இன்னும் பிடிவாதமாய் 'வா! வா!' எண்டு அவனைக் கூப்பிடுது. எங்கடை சொல்லை எங்களுக்கே எதிராய்த் திருப்புது!"

அன்று எங்கள் கழகம் வென்றது. கோல் அடித்தவன் நடுவில் விளையாடுகிற குருசுமுத்து. நீக்கிலாஸ் அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டமும் அப்படித்தான். கரையில் நிற்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். தூக்கி அடிக்கிற கட்சி, பின்னுக்கு வருகிற கட்சி. ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த இரண்டு பேர் இதனால் தனித்தனியாகச் சமைக்கத் தொடங்கினார்கள். கடையில் மீன் வாங்கப் போனால் மீனைப் பற்றிக் கதை இல்லை. தூக்கி அடிக்கிற கட்சி ஹெனிங்கைச் சுற்றி நின்று கத்தும். ஹெனிங் திரும்பி அவர்களைப் பார்த்து 'வா!' என்று முழங்குவார். நீக்கிலாஸ் முன்னுக்கு நின்ற இடத்தை விட்டுப் பின்னுக்கு ஓடி வருவான். கூட்டம் இன்னும் கத்தும். அவர் இன்னும் முழங்குவார். இவன் இன்னும் பின்னுக்கு வருவான்.

கழகம் சில ஆட்டம் வென்றது, சில தோற்றது. முன்னரும் அப்படித்தான். ஆனால் நீக்கிலாஸின் கோல் நின்றுவிட்டது. பந்தைக் காணாமல் ஓடுகிறான், வயது போட்டுது, அவனை வெளியே இருத்துங்கோ என்று அவனுக்குக் கேட்கவே சொன்னார்கள். அவன் ஓடிக்கொண்டேயிருந்தான்.

கசெற் பேசுவதற்கு அவன் எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். அவன் இருந்த வீட்டில் பெடியள் சத்தம். நான் குசினியில் நின்றாலும் காது அங்கேதான் இருக்கும். முன்னரென்றால், "ஜெரோசன், அப்பா தலையாலை ஒண்டு போட்டனான், கோலி அப்பிடியே நிண்டு பாத்தவன்," என்று குரல் ஏறும். இப்போது, "அப்பா மற்றவைக்குப் பந்து எடுத்துக் குடுக்கிறன்," என்று சொல்லிவிட்டுக் குரல் இறங்கிவிடும். பிறகு நாடா சும்மா ஓடும்.

ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த கசெற்றைப் போட்டுக் கேட்டான். றோஸ் லொட்ஜில் தண்ணி வராதது, காய்ச்சல் வந்தது எல்லாம் சொல்லி முடித்தபிறகு பிள்ளையின் குரல்.

"அப்பா, ஏன் நீங்கள் இப்ப கோல் அடிக்கிறேல்லை? உங்களுக்குக் கால் நோவோ?"

நீக்கிலாஸ் அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. அகப்பையோடு வந்து நின்றேன்.

"அவர் கூப்பிட்டா நீ என்னத்துக்கடா பின்னுக்கு ஓடுறாய்? உன்ரை பாட்டுக்கு முன்னுக்கே நில்லன்."

"கூப்பிட்டா வரத்தானே வேணும், மலரக்கா."

"வராட்டி என்ன, தலையை வெட்டுவாரோ?"

"சொல்வழி கேளாதவன் எண்டு பேர் எடுக்கக் கூடாது," என்றான். "அவர் இந்த ஊர்க்காரர். பொலிசிலை இருக்கிறவையோடை ஒண்டாய்க் கோப்பி குடிக்கிறவர். நாளைக்கு என்ரை கேஸைப் பாக்கிறவன், இவன் எப்பிடி ஆள் எண்டு அவரிட்டைக் கேட்டால்? கோல் அடிக்காட்டிப் பரவாயில்லை அக்கா. அவையள் வந்து சேர்ந்தாப் போதும்."

இதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் மீதா, ஹெனிங் மீதா, அவன் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டிருந்தவர்கள் மீதா என்று தெரியவில்லை. கறி அடிப்பிடித்துவிட்டது.

இலை உதிர்கிற நேரம், விண்ணப்பம் பற்றி விசாரிக்கப் பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும், கூட வாங்கோ அக்கா என்று கேட்டான். அந்த நாட்களில் எங்கள் விண்ணப்பங்களை விசாரித்தது பொலிஸ்தான். போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் அலுவலர் இருந்தார். மரியாதையான ஆள். நீக்கிலாஸ் தானே பேசுகிறேன் என்றான். பாடமாக்கி வந்திருந்தான். என் மனைவி, என் மகன், எப்போது வருவார்கள் என்பதை டெனிஷில் சொன்னான். குரல் அவன் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை.

அலுவலர் காதைக் கொஞ்சம் சாய்த்து, "வா?" என்றார்.

நீக்கிலாஸ் ஓர் அடி முன்னுக்கு வைத்தான்.

திரும்பவும் சொன்னான். அலுவலர் திரும்பவும், "வா?" என்றார். இவன் இன்னும் ஓர் அடி வைத்தான். நெற்றி கண்ணாடியில் முட்டியது. அந்த இளம் ஆள் பயந்து கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

எனக்கு அப்போதுதான் பளிச்சென்றது. நான் வேலை செய்கிற இடத்தில் காது கேளாத கிழடுகள் நாள் முழுக்க என்னிடம் சொல்வது இந்தச் சொல்தான். டெனிஷில் 'வா' என்றால் 'என்ன?' என்று அர்த்தம். எழுதும்போது முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு எழுத்துப் போடுவார்கள், சொல்லும்போது இரண்டையும் விழுங்கிவிடுவார்கள். காதில் விழுவது 'வா'.

நான் பேசி முடித்தேன். பதில் தெரிந்த பதில்தான். இன்னும் முடிவில்லை, காத்திருங்கள். வெளியே வந்ததும் அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

"அந்தாள் உன்னைக் கிட்ட வா எண்டு சொல்லேல்லையடா. நீ சொன்னது கேக்கேல்லை, என்ன எண்டு கேட்டது."

"தெரியும் அக்கா. வகுப்பிலை படிச்சனான். ஆனா திடீரெண்டு கேட்டா எங்கடை சொல் மாதிரித்தான் கேக்குது." சிரிக்கப் பார்த்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப, ஹெனிங் மாஸ்ரர்?"

"நீ அவருக்கு 'வா' படிப்பிச்சனியே?"

அவன் யோசித்தான். போ, ஓடு, அடி. அவ்வளவுதான்.

இரும்பு அடிக்கிற சத்தத்தில் காலம் முழுக்க நின்ற மனிசனுக்குக் காது எங்கே கேட்கும்? சூசைதாசன் போய் அவரிடம் கத்துகிறார், அவர் 'என்ன?' என்று கேட்கிறார். என் வீட்டுக்காரர் போய் மறுத்துக் கத்துகிறார், அவர் 'என்ன?' என்று கேட்கிறார். இவன் பின்னுக்கு ஓடி வருகிறான். அந்தச் சனங்கள் ஒரு மாரி முழுக்கச் சண்டை பிடிக்கத் தயாராக இருந்த ஆட்டமுறை இவ்வளவுதான்.

அன்று பின்னேரம் தவராஜாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு மிளகுத்தூள் போத்தலை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு கோபம் வந்தது.

"இஞ்சேரப்பா, உனக்குப் பந்து விளையாட்டு விளங்காது. மாஸ்ரர் என்னத்தைச் சொன்னா என்ன? அவன் பின்னுக்கு வர நடுவிலை வெளி விழுந்ததோ இல்லையோ? தெரியாமல் செய்தாலும் முறை முறைதான்."

"அப்ப அந்த முறையைக் கண்டுபிடிச்சது ஆர்? நீக்கிலாஸோ?"

"அவன் பாவம், அவனுக்கென்ன தெரியும்," என்றார். எனக்கு அந்தப் போத்தலைப் பறித்து எறிய வேண்டும் போலிருந்தது.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு நான் தேத்தண்ணியை அவர்களே ஊற்றட்டும் என்று விட்டுவிட்டுக் கரையில் போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சூசைதாசன் வழக்கம்போல ஹெனிங்கின் காதடியில் போய்க் கத்தினார். ஹெனிங் திரும்பி, "வா?" என்று முழங்கினார். நீக்கிலாஸின் கால் எழும்பியது. பிறகு நின்றது. திரும்பி என்னைப் பார்த்தான். நான் கையைக் காட்டினேன், நில் என்று.

நின்றான். பின்னுக்கிருந்து யாரோ பழைய பழக்கத்தில் தூக்கி அடித்தார்கள். பந்து வந்து அவன் நெஞ்சில் விழுந்தது, காலுக்கு இறங்கியது, வலைக்குள் போனது. சூசைதாசன் மழைக்குள் துள்ளினார். "நான் சொன்னனான்! நான் அப்பவே சொன்னனான்!" என் வீட்டுக்காரர், இவ்வளவு நாளும் பின்னுக்கு இழுத்து எதிர் அணிக்காரரை ஏமாற்றிப் பழக்கினதால்தான் இன்றைக்கு அவனை விட்டுட்டு நின்றாங்கள் என்றார். எனக்கு அந்த இரண்டு பேரும் தேவையில்லை. கசெற்றில் சொல்வதற்கு ஒரு கோல் கிடைத்தது, அது போதும்.

ஆனால் இரண்டாம் பாதியில் ஹெனிங் திரும்பவும், "வா?" என்றதும் நீக்கிலாஸ் திரும்பி ஓடி வந்தான். முழுத் தூரமும். நான் நில் என்று கையைக் காட்டினேன். பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு முறை வந்தான்.

ஆட்டம் முடிந்து, சேற்றுக் காலோடு காரடிக்கு வந்தான். கோப்பையைக் கொடுத்துக்கொண்டு ஏசினேன்.

"உனக்குத் தெரியும்தானே அந்தாள் உன்னைக் கூப்பிடேல்லை எண்டு. பிறகேன் ஓடினனி?"

தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தெரியும் அக்கா. முதலிலை நிண்டிட்டன். பிறகு ஏலாமல் போச்சு. இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலமாச்சு. இரு எண்டினம், நில் எண்டினம், பொறு எண்டினம். வா எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அந்தச் சொல் காதிலை விழேக்கை, பிழை எண்டு தெரிஞ்சாலும், கால் நிக்குதில்லை."

எனக்கு அழுகை வந்தது. ரோல்ஸ் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு, பின்பெட்டியை அடித்துச் சாத்தினேன்.

அடுத்த ஆண்டு பத்திரிகைகளில் கோப்புகள் பற்றிய கதை பெரிதாகப் போனது. மந்திரிமார், விசாரணை, பாராளுமன்றம் என்று ஒவ்வொரு நாளும் படம் போட்டார்கள். சில வருடம் கழித்து அதனால் அரசாங்கமே கவிழ்ந்தது. எங்களுக்கு வேண்டியது அதில் ஒரு சின்னத் துண்டுதான். கோப்புகள் அசையத் தொடங்கின. நீக்கிலாஸுடையதும் அசைந்தது. இலையுதிர் காலத்தில் றோஸும் ஜெரோசனும் ரயிலில் ஸ்கீவவில் வந்து இறங்கினார்கள்.

நிலையத்துக்கு இரண்டு கட்சியும் வந்திருந்தது. ஹெனிங்கும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பொடியன் தாயின் பின்னால் ஒளிந்தான். படத்தில் பார்த்த அப்பாவை நேரே பார்க்க வெட்கம். நீக்கிலாஸ் குந்தியிருந்து கையை நீட்டினான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சூசைதாசன்தான் பொறுக்காமல், "கூப்பிடன்ரா!" என்று அதட்டினார்.

"வா," என்றான் நீக்கிலாஸ்.

"வா?" என்றார் ஹெனிங், பக்கத்தில் நின்ற என்னிடம், காதைச் சாய்த்து. நான் அந்த நேரம் யாருக்கும் மொழிபெயர்க்கிற நிலையில் இல்லை.

பொடியன் வந்தான்.

அவனும் பந்துப் பைத்தியம். ஊர் டெனிஷ் பிள்ளைகளின் அணியில் சேர்ந்தான். பள்ளிக்கூடம், பந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். டெனிஷ் அவனுக்கு இருமல் மாதிரி வந்து ஒட்டியது. இரண்டு வருடத்தில் தகப்பன் தமிழில் ஒன்று கேட்டால் அவன் டெனிஷில் பதில் சொல்லத் தொடங்கினான்.

ஒரு சனிக்கிழமை பயிற்சி முடிகிற நேரம் நானும் தவராஜாவும் அந்தப் பக்கம் போனோம். நீக்கிலாஸ் கரையில் நின்றான். மழை வரப் போகிறது, வீட்டில் றோஸ் சமைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். பொடியன் மைதானத்தின் அந்த முனையில் தனியாக வலைக்கு அடித்துக்கொண்டிருந்தான். முன்னுக்குத்தான் விளையாடுவான், தகப்பன் மாதிரி.

"ஜெரோசன், வா!" என்று கூப்பிட்டான் நீக்கிலாஸ்.

பொடியன் திரும்பிப் பார்க்காமலே, "வா?" என்று கத்தினான்.

தவராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நீக்கிலாஸ் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை கேட்டது என்ன என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இப்போது அவனுடைய டெனிஷ் என்னுடையதை விடத் திறம்.

பிறகு ஈரப் புல்லில் காலை வைத்து இறங்கினான்.

"கூப்பிட்டா வரத்தானே வேணும், மலரக்கா," என்று சொல்லிவிட்டு, பொடியனிடம் நடந்து போனான்.